நன்றாகக் கேட்கிறது

வ. சக்ரபாணி. பிறப்பு 1931, கும்பகோணம். தந்தை வரதராஜன், 1952-இல் காலமானவர். 1959 முதல் ஹைதராபாத் சனத்நகரில், பொதுத்துறைப் பொறியியல் தொழிற்சாலை ஒன்றின் கனரகப் பட்டறையில் ஆய்வாளர். குடியிருப்பு லோத்குண்டாவில், இரண்டு போர்ஷன்களாகத் தடுக்கப்பட்ட ஓட்டு வீட்டின் கிழக்குப் பாதி. மனைவி கல்பகம். குழந்தைகள் இல்லை.

1973 மே 9 அன்று சிறை சென்றார். மே 20 அன்று வெளியே வந்தார். 1974 ஏப்ரல் 29 அன்று சிறைக் கண்காணிப்பாளர், துணை ஜெயிலர் சந்திரமோகன், தலைமை வார்டர் ஆகிய மூவர்மீதும் சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அசல் வழக்கு எண் 412/1974. 1977 நவம்பர் 18 அன்று வழக்கு செலவுத்தொகையுடன் தள்ளுபடியானது.

ஆவணங்கள் இந்த அளவோடு நின்றுவிடுகின்றன. லோத்குண்டாவில் சக்ரபாணியை ஒருவருக்கும் பிடிக்காது என்பதும், அவருக்கும் அங்கே ஒருவரையும் பிடிக்காது என்பதும் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. பால்காரன் அளவைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் அவர் வாசலை விட்டு நகர முடியும். பேருந்தில் நடத்துநர் சில்லறை இல்லை என்றால், சில்லறை வரும்வரை படியிலேயே நின்று வண்டியை நிறுத்தி வைப்பார். பட்டறையில் ஒரு நூலிழை தடித்த அச்சாணியை அவர் சிவப்புப் பென்சிலால் கிழித்து ஒதுக்கும்போது, கடைந்தவன் முகத்தை நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஒதுக்கியதைவிட அந்தச் சிரிப்புக்காகவே அவரை வெறுத்தவர்கள் அதிகம்.

எல்லோரையும்விட அதிகமாக வெறுத்தவர் மேற்குப் பாதியில் குடியிருந்த வேணுகோபால். அவரும் அதே தொழிற்சாலையில் நேரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. அவருடைய முன்னோர் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் பின்னால் வட ஆர்க்காட்டிலிருந்து சிகந்தராபாத் வந்து சேர்ந்தவர்கள். மூன்று தலைமுறையில் அந்தக் குடும்பத்தின் தமிழுக்குள் தெலுங்கும் தக்கனி உருதும் தாராளமாகக் குடியேறிவிட்டன. ஆமாம் என்பதற்கு வேணுகோபால் 'ஹவ்' என்பார். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பார். ஏன் என்பதற்கு 'கைக்கு' என்பார். சுவருக்கு அப்பால் அந்த 'ஹவ்' கேட்கும்போதெல்லாம் சக்ரபாணி இலையிலிருந்து தலையைத் தூக்கி, "நாய் மாதிரி குலைக்கறான் பார்" என்று கல்பகத்திடம் உரக்கச் சொல்வார். சுவர் மெல்லிய சுவர்.

1973 கோடையில் இரண்டு போர்ஷனுக்கும் பொதுவான குழாயில் விடியற்காலை சிறிது நேரம்தான் தண்ணீர் வந்தது. மே மாதத் தொடக்கத்தில் வேணுகோபால் குழாயின் வாயில் ரப்பர் ட்யூபைச் செருகித் தம்முடைய பீப்பாய்க்குள் விட்டுவிட்டுப் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ட்யூபை எடும்யா."

"ரொம்பட்டும் சாமி. கைக்கு அவசரம்?"

"எடுக்கப் போறீரா, இல்லையா?"

"நக்கோ ஐயரே. காலங்காத்தால நக்கோ."

"நான் ஐயரில்லை. ஐயங்கார்."

"எதா இருந்தா என்னா, எல்லாம் தயிர்சாதம்தானே?"

சக்ரபாணி உள்ளே போய்க் கல்பகத்தின் அரிவாள்மணையை எடுத்து வந்து ட்யூபை இரண்டாக அறுத்தார். வேணுகோபால் அவர் பூணூலைப் பிடித்தார். அவர் தள்ளினார். பீப்பாயின் விளிம்பில் மோதி வேணுகோபாலின் நெற்றி பிளந்தது.

போலீஸ் வந்தது. ஆறு மாதத்துக்கு அமைதி காப்பதாக இருவரும் பிணைப்பத்திரம் எழுதித் தரவேண்டும் என்று மாஜிஸ்திரேட் சொன்னார். நெற்றியில் கட்டுடன் வேணுகோபால் கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். சக்ரபாணி பேனாவைத் தொடவில்லை. இனிமேல் அமைதியாக இருப்பேன் என்று எழுதினால் இதுவரை இல்லை என்று ஆகிவிடாதா என்று மாஜிஸ்திரேட்டையே கேட்டார். சிகந்தராபாத்தில் வக்கீலாக இருந்த கல்பகத்தின் தம்பி ராஜாராமன், கோர்ட் என்றும் பாராமல் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினான். "அத்திம்பேர், இது வெறும் சம்பிரதாயம். போட்டுட்டு வாங்கோ." அத்திம்பேர் போடவில்லை. மாலையில் வேன் ஏறினார்.

சிறை வாசலில் எழுத்தர் பெயர் கேட்டார். "வி. சக்ரபாணி." அந்த 'வி' என்ன என்றார் எழுத்தர். "வரதராஜன்." எழுத்தர் உருதுவில் வலமிருந்து இடமாக வரதராஜன் சக்ரபாணி என்று பதிந்துகொண்டார். தமிழ்நாட்டில் யாரும் ஒரு கணம் நின்று யோசிக்காத விஷயம் இது. முன்னால் நிற்பது அப்பா. பின்னால் நிற்பவர் பிள்ளை. தக்காணத்தில் முன்னால் நிற்பதுதான் ஆளின் பெயர். பின்னால் வருவது குலமோ குடும்பமோ, யாருக்கு என்ன கவலை?

முதல் சில நாட்கள் தலைமை வார்டர் தலைகளை மட்டும் எண்ணிவிட்டுப் போனார். மே 14 அன்று மாலை துணை ஜெயிலர் சந்திரமோகனே வந்து பெயர் கூப்பிட்டார்.

"வரதராஜன்!"

தம்மைப்போல் வேறொரு தமிழன் அடைபட்டிருக்கிறான் போலும் என்று சக்ரபாணி வரிசையை எட்டிப் பார்த்தார்.

"வரதராஜன்!"

மூன்றாவது முறை கூப்பிட்டபோது அது தம்மைத்தான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. இதைப் பிற்பாடு அவரே கல்பகத்திடம் ஒப்புக்கொண்டார். "எங்கப்பா பேரைச் சொல்லி ஏலம் போட்டா நான் எப்படி ஓடி வருவேன்?" வார்டர் அவரை வரிசையிலிருந்து இழுத்து முன்னால் நிறுத்தினார். தமக்குத் தெரிந்த ஹிந்துஸ்தானியில் சக்ரபாணி நிதானமாகச் சொன்னார்: "வோ மேரே பாப் கா நாம். வோ மர் கயா."

அது என் அப்பா பெயர், அவர் செத்துப்போய்விட்டார் என்றதும் கைதிகள் சிரித்தார்கள். சிறையில் அதிகாரி எதிரே எழும் சிரிப்புக்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். சந்திரமோகன் கையிலிருந்த பதிவேட்டை வார்டரிடம் கொடுத்தார்.

"கைக்கு போல்தா நை ரே? கான் நக்கோ க்யா துஜே?"

ஏன்டா பதில் சொல்லவில்லை, உனக்குக் காது வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து இரண்டு காதுகளையும் ஒரே சமயத்தில் அறைந்தார். சக்ரபாணி தரையில் உட்கார்ந்துவிட்டார். கைதிகளின் வாய்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குள் வலது காதிலிருந்து ரத்தம் கழுத்துவரை இறங்கிவிட்டது. சிறை மருத்துவக் குறிப்பில் கால் தடுக்கி விழுந்ததாக எழுதினார்கள்.

மேல் நீதிமன்றத்தில் ராஜாராமன் மனுப்போட்டு உத்தரவை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தான். வெளியே வந்தவரின் வலது காது முற்றிலும் போயிருந்தது. இடது காதில், அருகில் நின்று உரக்கப் பேசினால், ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கொஞ்சம் வந்தது.

அவர் வேலை செய்த கனரகப் பட்டறையில் தலைக்கு மேலே கிரேன் ஓடும். இரும்புப் பாளத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது மணி அடிப்பார்கள். கீழே நிற்பவர்கள் விலகவேண்டும். காது கேளாதவன் அங்கே நிற்கக்கூடாது என்பது விதி. நாற்பத்திரண்டு வயதில், நூலிழையை அளப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர் அவர். ஆகையால் காது கேட்பதாக நடித்தார். கிரேன் வருவதைத் தரையில் விழும் நிழலைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஆண்டுப் பரிசோதனையில் கம்பவுண்டர் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுக்கும் எண்கள் எல்லா ஆண்டும் ஒரே எண்கள். சக்ரபாணி அவற்றை ஒப்பித்துவிட்டு வந்தார்.

பேச்சைச் சமாளிப்பதுதான் கடினமாக இருந்தது. கும்பகோணத்தில் ஒருவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பவர் 'உம்' கொட்டவேண்டும். அந்த 'உம்'முக்குச் சம்மதம் என்று பொருள் இல்லை. மேலே சொல்லு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் எதுவும் கிடையாது. தெலுங்கனும் கன்னடியனும் பஞ்சாபியும் நின்ற பட்டறையில் அந்த 'உம்' செல்லுபடியாகவில்லை. ஃபோர்மன் பேசி நிறுத்தினால் எதிரே நிற்பவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தாக வேண்டும். எந்தப் பேச்சுக்கும் பொருந்தக்கூடிய, எவரும் மறுகேள்வி கேட்காத சொல் ஒன்று அந்த ஊரில் இருந்தது. சுவருக்கு அப்பாலிருந்து அதை அவர் பதினான்கு வருஷம் கேட்டிருந்தார்.

"ஹவ்" என்றார் சக்ரபாணி. "ஹவ், ஹவ்."

ஃபோர்மன் திருப்தியாகப் போய்விடுவார். மற்றவர்கள் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்துத் தாமும் அதை எடுப்பார் இவர். ஒரு வருடத்துக்குள் அந்தச் சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. யார் வாயாவது அசைந்து நின்றால் போதும், இவர் வாயிலிருந்து அது தானாக விழும்.

கல்பகம் அதைக் கண்டுபிடித்தது ஒரு காலை வேளையில். அவர் இலைமுன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசத்தை ஊற்றிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "உங்களைக் கட்டிண்டதுக்கு அந்தக் கொழாயைக் கட்டிண்டிருக்கலாம். ரெண்டு குடம் தண்ணியாவது வந்திருக்கும்."

"ஹவ்."

"உங்களாலே எனக்கு இந்த ஊர்ல ஒரு நாய்கூட சிநேகம் இல்லை."

"ஹவ், ஹவ்."

அன்று முதல் அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. பதினேழு வருஷ தாம்பத்தியத்தில் சொல்லாமல் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சாதம் பரிமாறிக்கொண்டே சொன்னாள். எல்லாவற்றையும் அவர் ஒப்புக்கொண்டார்.

வழக்குத் தொடுக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் சக்ரபாணிதான். மனுவில், சிறையில் அடிபட்டதால் 'இரு செவிகளும் கேட்கும் திறனை இழந்தன' என்று ராஜாராமன் எழுதினான். அதோடு நிற்காமல் அரசு மருத்துவமனைக்கு வரச் சொல்லி இடது காதோரம் கத்தி அவரைத் துரத்தினான்.

"அத்திம்பேர், அங்கே காதை அளக்கற மெஷின் இருக்கு. ஒரு தடவை வந்து உக்காருங்கோ. அந்தச் சீட்டு இல்லாம நான் எதை வெச்சுண்டு வாதாடறது?"

"சீட்டு கோர்ட்டுக்கு வந்தா ஃபேக்டரிக்கும் போகுமோன்னோ?"

"போகலாம்."

"அப்போ வேண்டாம்."

ராஜாராமன் தலையில் அடித்துக்கொண்டான். "காது போச்சுன்னு கேஸும் போடணும், காது போனது ஒருத்தருக்கும் தெரியவும் கூடாதுன்னா எப்படி அத்திம்பேர்? ஏதாவது ஒண்ணுதான் நடக்கும்."

"அடிச்சான். அடிச்சேன்னு அவன் கோர்ட்ல நின்னு சொல்லணும். இல்லேன்னா ஜட்ஜ் சொல்லணும். எனக்கு அது போதும். காதை நான் பாத்துக்கறேன்."

"நீங்க காதைப் பாத்துக்கற லட்சணம்தான் தெரியறதே" என்றாள் எதிரே நின்ற கல்பகம்.

"ஹவ்" என்றார் சக்ரபாணி.

மூன்று ஆண்டுகள் வாய்தாவிலேயே போயின. 1977 ஆகஸ்ட் 23 அன்று வாதியின் சாட்சியம் எடுக்கப்பட்டது. வீட்டை விட்டுப் புறப்படுமுன் கல்பகம் அவரை வாசல் நிலையில் நிறுத்தி, இடது காதுக்குள் கத்தினாள்.

"காது கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லுங்கோ! ஹவ் ஹவ்னுண்டு நிக்காதேங்கோ!"

"கத்தாதே. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ பார்ப்போம்!"

அவர் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கி நடந்தார்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. ஹிந்துஸ்தானி போதும் என்று சக்ரபாணியே சொன்னார். முதல் விசாரணை நன்றாகவே நடந்தது. ராஜாராமன் கூண்டின் இடப்பக்கம் ஒட்டி நின்று உரத்த குரலில் கேட்டான். பெயர் கூப்பிட்டது, அப்பா செத்துப்போனது, இரண்டு கைகள், எல்லாவற்றையும் அவர் ஒரு பிசிறில்லாமல் சொன்னார். சந்திரமோகன் எதிர்ப் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகளைச் சக்ரபாணி பார்த்தார். பேனா பிடிக்கிறவனின் கைகள்போல் மெத்தென்று இருந்தன.

பிறகு அரசு வக்கீல் எழுந்தார். கிழவர். கூண்டின் வலப்பக்கம் வந்து நின்று, வாதியைப் பார்க்காமல் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்துக்கொண்டு, தமக்கே சொல்லிக்கொள்வதுபோல் கேட்டார். மேலே மின்விசிறி லொடலொடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. சக்ரபாணிக்கு வக்கீலின் மீசை அசைவது தெரிந்தது, நின்றதும் தெரிந்தது.

"ஹவ்."

நீதிபதி ஆங்கிலத்தில் சொல்ல, தட்டச்சுப் பொறி அதை எழுத்தாக்கியது. அந்தச் சாட்சியத்தின் தமிழ்ப் பொருள் இது: 'சிறையில் உணவும் படுக்கையும் முறையாகத் தரப்பட்டன என்பது உண்மை. என் பெயரை நானே தவறாகப் பதிவு செய்யக் காரணமாக இருந்தேன் என்பது உண்மை. மே 14 அன்று நான் கால் தடுக்கி விழுந்தேன் என்று மருத்துவக் குறிப்பில் உள்ளது உண்மை.'

ராஜாராமன் துள்ளி எழுந்தான். "கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரருக்குக் கேள்வியே காதில் விழவில்லை. அவர் வெறுமனே தலையாட்டுகிறார்."

அரசு வக்கீல் புன்னகைத்தார். "விழவில்லை என்று சாட்சி சொல்லட்டுமே."

நீதிபதி நியாயமான மனிதர். தட்டச்சை நிறுத்தச் சொன்னார். மேசைமேல் முன்புறமாகச் சாய்ந்து, சக்ரபாணியை நேராகப் பார்த்து, அறை முழுவதும் கேட்கும்படி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்: வக்கீல் கேட்கும் கேள்விகள் உங்களுக்குக் காதில் விழுகின்றனவா, இல்லையா?

இந்த ஒரு கேள்வி சக்ரபாணிக்குக் கேட்டது.

அவர் வாயைத் திறந்தார். ராஜாராமன் கைகளைக் கூப்பாத குறையாக நின்றான். பெண்கள் பெஞ்சில் கல்பகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். அவளுக்கு இரண்டு வரிசை பின்னால், நெற்றித் தழும்பு பளபளக்க, வெள்ளைச் சட்டையில் வேணுகோபால் உட்கார்ந்திருந்தார். நேரப் பதிவு அலுவலகத்தில் அன்று விடுப்பு எடுத்து வந்திருந்தார். கழுத்தை நீட்டிக் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, ஒரு எழுத்தும் தவறிவிடக்கூடாது என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். சக்ரபாணி அந்தக் கையைப் பார்த்தார்.

"பராபர் சுனாயி தேதா, ஸாப்" என்றார்.

நன்றாகக் கேட்கிறது ஐயா. நீதிபதி அதையும் எழுதச் சொல்லிவிட்டு, அரசு வக்கீலை மேலே போகச் சொன்னார். அரசு வக்கீல் பழையபடி கட்டுக்குள் குனிந்துகொண்டார். துணை ஜெயிலர் சந்திரமோகன் உங்கள்மீது கை வைக்கவே இல்லை, இது நீங்கள் வன்மத்தில் கட்டிய கதை, அப்படித்தானே?

மீசை நின்றது.

"ஹவ்."

"ஏன்னா! நக்கோன்னு சொல்லுங்கோ! நக்கோ!"

கல்பகம் பெஞ்சைவிட்டு எழுந்து நின்று கத்தினாள். தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி மடிசாருடன் நின்று தக்கனியில் கூவியதில் கோர்ட்டே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அதிலும் அவள் கூவியது தப்பான சொல். இல்லை என்பதற்கு அந்த ஊரில் 'நை'. வெள்ளைத் தலைப்பாகைச் சேவகன் அவளை வெளியே அழைத்துப் போனான். மறுவிசாரணையில் ராஜாராமன் இடது காதோரம் நின்று, "அடித்தாரா இல்லையா?" என்று கத்தினான். "அடித்தான்! இரண்டு கையாலும் அடித்தான்!" என்றார் சக்ரபாணி. அதுவும் பதிவாயிற்று. எல்லாவற்றையும் எழுத்தர் படித்துக் காட்டினார். சக்ரபாணி தலையை அசைத்துக் கேட்டு, அடியில் கையெழுத்திட்டார். பிணைப்பத்திரத்துக்கு மறுத்த அதே கையெழுத்து.

வெளியே வராந்தாவில் கல்பகம் அவருக்காகக் காத்திருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னேள்?"

அவர் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "பின்னாடி அவன் உக்காந்திருந்தான்."

"அவன் உக்காந்தா? அடிச்சவன் முன்னாடி உக்காந்திருந்தானே, அவன் கண்ணுக்குத் தெரியலையா?"

"வேலை போயிடும்டீ."

"போகட்டுமே! உங்க வேலையைக் காப்பாத்தறதுக்கா நாலு வருஷமா என் தம்பி கருப்புக் கோட்டை மாட்டிண்டு அலையறான்? ஒண்ணு செவிடுன்னு இருங்கோ, இல்லேன்னா கேஸ் போடாம இருங்கோ. ரெண்டும் வேணும்னா தெய்வத்தாலேயும் ஆகாது."

"ஹவ்."

பேருந்தில் அவள் அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

தீர்ப்பில் நீதிபதி அவரை ஒரு பத்தியில் முடித்திருந்தார். செவித்திறன் இழந்ததாகக் கூறும் வாதி மருத்துவ ஆதாரம் எதையும் முன்வைக்கவில்லை. குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வியைக்கூடத் திரும்பக் கேட்காமல் உடனுக்குடன் விடையளித்ததை நீதிமன்றமே நேரில் கண்டது. தமக்கு நன்றாகக் கேட்கிறது என்று அவரே கூறியுள்ளார். தாக்கப்படவில்லை என்று ஒரு முறையும், தாக்கப்பட்டதாக இன்னொரு முறையும் கூறும் ஒருவரின் சொல்லை நம்பிச் சிறை அதிகாரிகள்மீது களங்கம் சுமத்த இயலாது. வழக்கு தள்ளுபடி. வாதி பிரதிவாதிகளின் செலவைத் தரவேண்டும்.

சந்திரமோகனுக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு கிடைத்தது என்று ராஜாராமன் சொன்னான். அதை அத்திம்பேரின் வலது காதுப் பக்கம் நின்று சொன்னான்.

1978 ஜனவரியில் தொழிற்சாலையின் பணியாளர் துறையிலிருந்து கடிதம் வந்தது. வழக்கு எண் 412-இல் நீர் தாக்கல் செய்த மனுவின்படி உமக்கு இரு செவிகளும் கேளாது எனத் தெரியவருகிறது. கிரேன் பகுதியில் பணியாற்றும் உடல் தகுதி குறித்து மருத்துவக் குழுமுன் நேர்நிற்கவும். நீதிமன்றத்தில் வாயால் சொன்னதை வேணுகோபால் கையைக் குவித்துக் கேட்டார்தான். ஆனால் அவர் தேடி எடுத்துக் கொடுத்தது, மனுவில் எழுதியிருந்ததை.

அதை அவர் மறைக்கவும் இல்லை. மறுநாள் விடியலில் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்ற சக்ரபாணியிடம் சாவதானமாகச் சொன்னார்:

"என்னா ஐயரே, கடுதாசி வந்துச்சா? நான்தான் குடுத்தேன். கோர்ட்ல ஸ்டாம்ப்பு ஒட்டிக் காப்பி வாங்கி, மேல ஆபீஸ்ல கொண்டுபோய் நானே குடுத்தேன். இந்த நெத்திக்கு." தழும்பைத் தொட்டுக் காட்டினார். "அஞ்சு வருஷம் ஆச்சு. லேட்டுதான். மாப் கரோ, மன்னிச்சிடு."

சக்ரபாணி குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது எதிரே வாய் அசைந்து நின்றிருந்தது.

"ஹவ்" என்றார்.

வேணுகோபால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாசல் தெளிக்கச் சாணி கரைத்த வாளியுடன் கல்பகம் படியிறங்கிக்கொண்டிருந்தாள். இரண்டடி எடுத்து வைத்து, வாளி முழுவதையும் வேணுகோபாலின் வெள்ளைச் சட்டையில் கவிழ்த்தாள்.

"இதுக்கும் ஸ்டாம்ப் ஒட்டிக் காப்பி வாங்கிக் கொண்டுபோய்க் குடுடா!"

மருத்துவக் குழுமுன் சக்ரபாணி தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலுடன் போனார். தம்மைப் பொய்யன் என்று சொன்ன அந்தப் பத்தியைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டு, தலைமை மருத்துவர் முன்னால் விரித்து வைத்தார். பட்டறையில் தரக்குறைவான அச்சாணியைக் கிழிக்கும் அதே பென்சில்.

"எனக்குக் காது கேட்கும் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. படித்துப் பாருங்கள்."

மருத்துவர் தமிழர், மாயவரத்துக்காரர். பத்தியைப் படித்தார். நாற்காலியை அவருடைய இடப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, உரக்க, தெளிவாகக் கேட்டார்.

"இந்தத் தீர்ப்பு சரின்னா, நீங்க மனுவுல எழுதினது பொய்."

சக்ரபாணி தீர்ப்பை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"ஜெயில்ல உங்களை அடிச்சாங்கன்னு எழுதினதும் பொய். அப்படித்தானே? கேக்குதா நான் சொல்றது?"

கேட்டது. நீதிமன்றத்தில் கேட்டதைவிட நன்றாகவே கேட்டது. சக்ரபாணி மேசைமேலிருந்த அடிக்கோட்டைப் பார்த்தார். பிணைப்பத்திரத்தின் முன்னால் மாலைவரை அசையாமல் நின்ற மனிதருக்கு இதற்குப் பதில் சொல்ல வெகுநேரம் பிடித்தது.

"ஹவ்" என்றார். அந்தச் சொல்லை அதன் பொருள் தெரிந்தே சொன்னார்.

மருத்துவர் தீர்ப்பை மடித்து அவரிடமே கொடுத்தார். பக்கத்து அறையில், அரசு மருத்துவமனையிலிருந்து அன்று மட்டும் வரவழைத்த காதளக்கும் இயந்திரம் இருந்தது. சக்ரபாணியின் தலையில் கருவியை மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்த பொத்தானை அழுத்தவேண்டும் என்றார்கள். கண்ணாடிக்கு அப்பால் மருத்துவரின் கை இயந்திரத்தின்மேல் அசையும், சக்ரபாணி அழுத்துவார். அசையும், அழுத்துவார். சிறிது நேரம் கழித்து மருத்துவர் இயந்திரத்தின் விசையை அணைத்துவிட்டு, வெறும் கையை மட்டும் முன்போலவே அசைத்தார். சக்ரபாணி அப்போதும் அழுத்தினார்.

மருத்துவர் எழுந்து வந்து, அவரைச் சுவரைப் பார்த்து உட்காரும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சோதனையை முதலிலிருந்து தொடங்கினார். அந்த முறை சக்ரபாணி எப்போது அழுத்துவது என்று தெரியாமல், பெரும்பாலும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

1978 மார்ச் 31 பிற்பகல் முதல் அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். உத்தரவுடன் இணைத்திருந்த சோதனை முடிவு, செவித்திறன் இழப்பு:

வலது காது, 92 டெசிபெல். இடது காது, 68 டெசிபெல்.